ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இல்லை!

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால், கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்.

"ஒட்டகம் பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் எப்படி உயிர் வாழ்கிறது?"

பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்காது. "திமிலில் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிறது" என்று பட்டென்று பதில் வரும்.

பக்கத்தில் இருக்கும் அம்மாவைக் கேட்டாலும் அதே பதில்தான். அப்பாவைக் கேட்டாலும் அதேதான். தாத்தாவும் தலையை ஆட்டுவார். மூன்று தலைமுறைக்கும் ஒரே பதில்!

ஆனால் அந்தப் பதில் தவறு. ஒட்டகத்தின் திமில் தண்ணீர்த் தொட்டி அல்ல. அதில் இருப்பது கொழுப்பு.

"தண்ணீரோ, கொழுப்போ, என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம்.

நஷ்டம் இருக்கிறது. பாலைவனத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையே கோணலாக இருக்கிறது. அந்தக் கோணலுக்கு இந்தத் திமில் ஓர் அடையாளம்.

கொழுப்பு மூட்டை

தீனி கிடைக்கும் காலத்தில் ஒட்டகம் வயிறு நிறையத் தின்னும். மிஞ்சியது கொழுப்பாக மாறித் திமிலில் சேரும். தீனி கிடைக்காத நாட்களில் அந்தக் கொழுப்பு கரைந்து உடம்புக்குச் சக்தி கொடுக்கும். பல நாள் பட்டினி கிடந்த ஒட்டகத்தின் திமில் தளர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

சரி, கொழுப்பு ஏன் முதுகில் மட்டும் சேர வேண்டும்?

மனிதனுக்குத் தோலுக்கு அடியில் உடம்பு முழுவதும் கொழுப்பு பரவி இருக்கிறது. அது உள்ளே இருக்கும் உஷ்ணத்தை வெளியே விடாது. ஒட்டகத்துக்கோ கொழுப்பில் பெரும்பகுதி ஒரே மூட்டையாக முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மற்ற இடங்களில் தோல் வழியாக உஷ்ணம் வெளியேற வழி கிடைக்கிறது.

அப்படியானால் தண்ணீர் விஷயத்தில் ஒட்டகத்தின் சாமர்த்தியம்தான் என்ன? அதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு விஞ்ஞானி சகாரா பாலைவனத்துக்கே போனார். அவர் பெயர் நட் ஷ்மிட்-நீல்சன். நார்வே நாட்டில் பிறந்தவர். 1953-54ல் அல்ஜீரியாவில் பெனி அப்பெஸ் என்ற இடத்தில் தங்கி, ஒட்டகங்களை எடை போட்டார். உடல் சூட்டை அளந்தார். எவ்வளவு குடிக்கின்றன என்று கணக்குப் பார்த்தார்.

அப்போதுதான் பல உண்மைகள் வெளிவந்தன.

மனிதனின் உடல் சூடு 37 டிகிரி. அது 40 டிகிரி ஆனால் டாக்டரைத் தேடி ஓட வேண்டும். தண்ணீர் கிடைக்காத நாட்களில் ஒட்டகத்தின் உடல் சூடு விடியற்காலையில் 34 டிகிரிக்கு இறங்குகிறது. மாலையில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஆனால் ஒட்டகத்துக்கு அது காய்ச்சல் அல்ல! பகலெல்லாம் உடம்பு சூடேற விட்டுவிட்டு, இரவுக் குளிரில் ஆற வைக்கிறது. ஆகவே வேர்வை சிந்தித் தண்ணீரை வீணாக்குவதில்லை.

மனிதன் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரை இழந்தால் உயிருக்கே ஆபத்து. ஒட்டகம் நாலில் ஒரு பங்கை இழந்த பிறகும் நடக்கிறது. எலும்பும் தோலுமாக வந்து நிற்கும் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டினால், சுமார் 10 நிமிஷத்தில் 100 லிட்டர் வரை குடித்துவிடும். ஆறேழு குடம்! இவ்வளவு தண்ணீர் திடீரென்று ரத்தத்தில் கலந்தால் மற்றப் பிராணிகளின் ரத்த அணுக்கள் வெடித்துவிடும். ஒட்டகத்தின் அணுக்கள் முட்டை வடிவமானவை. இரண்டு மடங்கு உப்பினாலும் வெடிப்பதில்லை.

இன்னொரு சோதனை இதைவிட வேடிக்கையானது. ஓர் ஒட்டகத்தின் உடம்பு மயிரை ஷ்மிட்-நீல்சன் கத்தரித்துவிட்டார். "பாவம், இனிக் குளுகுளுவென்று இருக்கும்" என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர் எதிர். மயிர் கத்தரித்த ஒட்டகம், கத்தரிக்காததைப் போல் ஒன்றரை மடங்கு தண்ணீரை இழந்தது! முதுகு மயிர் வெயிலுக்குக் கூரை போட்டது போல இருந்திருக்கிறது. கூரையைப் பிரித்தால் வீட்டுக்குள் வெயில் வராமல் என்ன செய்யும்?

பார்த்தீர்களா? எத்தனை அதிசயம்! "திமிலில் தண்ணீர்" என்ற ஒரே வரி, இத்தனையையும் மூடி மறைத்துவிடுகிறது. பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கும் பிள்ளை, அதற்குமேல் "ஏன்?" என்று கேட்பதே இல்லை.

பொருந்தாத படம்

பிள்ளைகளுக்கான புத்தகங்களில் பாலைவனம் என்றால் ஒரு படம் போடுவார்கள். மணல் மேடு. ஓர் ஒட்டகம். அதன் பக்கத்தில், இரு கையையும் தூக்கி நிற்கும் மனிதனைப் போல ஓர் உயரமான கள்ளிச் செடி.

இந்த இரண்டையும் ஒன்றாக வளர்த்தது சித்திரக்காரரின் தூரிகைதான்.

அந்தச் செடியின் பெயர் சகுவாரோ. அமெரிக்காவின் அரிசோனாவிலும் அதை அடுத்த மெக்சிகோ பகுதியிலும் உள்ள சொனோரா பாலைவனத்தில் வளர்வது. ராஜஸ்தானத்தில் உள்ள தார் பாலைவனத்தில் அது கிடையாது. அரேபியாவிலும் கிடையாது.

ராஜஸ்தானத்துப் பாறை நிலங்களில் வளர்வது 'தோர்' என்ற கள்ளி. நம் ஊர் சதுரக்கள்ளிக்குச் சொந்தக்காரன். உடைத்தால் பால் வடியும். சகுவாரோவும் சப்பாத்திக்கள்ளியும் வேறு குடும்பம். சப்பாத்திக்கள்ளியை உடைத்தால் பால் வராது. கொழகொழவென்ற சாறுதான் வரும். (கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே கெடுதல். பிள்ளைகளை உடைக்க விடாமல் பெரியவர்களே உடைத்துக் காட்ட வேண்டும்.)

இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் ஒரு மகாசமுத்திரம். உறவு இல்லை. ஆனாலும் இரண்டும் இலையைக் குறைத்துவிட்டன. தண்டைப் பருக்க வைத்தன. முள்ளை நீட்டின. ஒரே கஷ்டம் இரண்டையும் ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டது! பரீட்சைக்குப் பத்து வரி மனப்பாடம் செய்வதைவிட, இந்த ஒன்றை யோசித்துப் பார்க்கும் பிள்ளைக்குப் பாலைவனம் நன்றாகப் புரியும்.

மூன்று ஈரத்துணி

பாலைவனத்தைக் காட்டப் பிள்ளைகளை ரயில் ஏற்ற வேண்டியதில்லை. வீட்டு முற்றம் போதும்.

ஒரே அளவில் மூன்று துண்டுத் துணி எடுத்துத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். முதல் துணியை வெயிலில் விரித்துப் போடுங்கள். இரண்டாவது துணியை இறுக்கமாகச் சுருட்டி வையுங்கள். மூன்றாவது துணியையும் சுருட்டி, மெழுகுத் தாளில் சுற்றி வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பிள்ளையையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

விரித்த துணி உலர்ந்திருக்கும். சுருட்டியதில் ஈரம் இருக்கும். தாளில் சுற்றியது நனைத்தபடியே இருக்கும்.

விரித்த துணிதான் அகன்ற இலை. சுருட்டிய துணி கள்ளித் தண்டு. மெழுகுத் தாள் கள்ளியின் வழவழப்பான மேல்தோல். கள்ளிக்கு ஏன் அகன்ற இலை இல்லை என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டாம். சேலையைக் காயப் போடும் அம்மாவைப் பார்த்த பிள்ளைக்கு அது தானே விளங்கும்.

பெரிய பிள்ளையாக இருந்தால் இன்னொன்றும் சொல்லலாம். சாதாரணச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை இழுத்துக்கொள்கின்றன. திறந்த துளை வழியாகத் தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். சப்பாத்திக்கள்ளி பகலில் கதவைச் சாத்திவிடுகிறது. இரவில் குளிர்ந்த பிறகுதான் திறக்கிறது.

நம்பாத பெரியவர்கள்

கல்கௌதாரி என்று ஒரு பறவை. புறா அளவு இருக்கும். தார் பாலைவனத்திலும் உண்டு, தமிழ்நாட்டின் வறண்ட பொட்டல்களிலும் உண்டு. அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஆண் பறவைகள் தண்ணீரில் இறங்கி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு, பல மைல் பறந்துபோய்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கின்றன. குஞ்சுகள் இறகைச் சப்பித் தண்ணீர் குடிக்கும்.

மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயர் தாம் வளர்த்த பறவைகள் இப்படிச் செய்வதைப் பார்த்து, 1896ல் எழுதினார். படித்தவர்கள் பலர் நம்பவில்லை. 1967ல்தான் தென்னாப்பிரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இது உண்மை என்று உறுதி செய்தார்கள். எழுபது வருஷம்! வயிற்று இறகில் சுமார் 25 மில்லி தண்ணீர் பிடிக்கும். இரண்டு சங்கடை அளவுகூட வராது. ஆனால் குஞ்சுகளுக்கு அதுதான் கிணறு.

பிள்ளை எதையாவது பார்த்துவிட்டு வந்து சொன்னால், "போடா, உளறாதே" என்று விரட்டும் பெரியவர்கள் மீட்-வால்டோவை நினைத்துக்கொள்ளலாம்.

கோயிலில் நிற்கும் பாலைவன மரம்

விருத்தாசலம் கோயிலின் தல மரம் வன்னி. வனவாசம் முடிந்து மறைந்து வாழப் போன பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்ததும் வன்னி மரத்தில்தான் என்பது எல்லோரும் கேட்ட கதை. நவராத்திரி முடிவில் வன்னி மரத்தில் அம்பு போடும் வழக்கமும் உண்டு.

அந்த வன்னிதான் தார் பாலைவனத்தின் உயிர். அங்கே அதற்கு 'கேஜ்ரி' என்று பெயர். ராஜஸ்தான் மாநிலத்தின் அரசு மரம்.

அதன் ஆணிவேர் 100 அடி ஆழம் வரைகூடப் போகும் என்கிறார்கள். ஜெய்சால்மர் பகுதியில் வருஷம் முழுவதும் பெய்யும் மழை 200 மில்லி மீட்டர் அளவுதான். மற்றச் செடிகள் கருகிக் கிடக்கும் கோடையில், இது புதுத் துளிர் விடுகிறது! ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் அதன் இலை தீனி. காய் மனிதனுக்குக் கறி. கம்பு விதைத்த நிலத்தின் நடுவே விவசாயிகள் இந்த மரத்தை வெட்டாமல் விடுகிறார்கள். அடியில் வளரும் பயிருக்கு அது உரமும் சேர்க்கிறது. 1868-69ல் வந்த கொடும் பஞ்சத்தில், ஜனங்கள் இதன் பட்டையை இடித்து மாவாக்கித் தின்று உயிர் பிழைத்தார்கள்.

இந்த மரத்துக்காக மனிதர்கள் தலையைக் கொடுத்திருக்கிறார்கள். 1730ல் ஜோத்பூர் மகாராஜாவின் ஆட்கள், அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டும் என்று கேஜர்லி கிராமத்துக்கு வந்தார்கள். பிஷ்னோய் மக்கள் தடுத்தார்கள். அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவரையும் அவருடைய மூன்று பெண்களையும் வெட்டினார்கள். அடுத்தடுத்து 363 பேர் மாண்டார்கள் என்று அந்த மக்கள் இன்றும் சொல்கிறார்கள். பாலைவனத்தைப் பற்றிய பாடத்தில் இந்தக் கதைக்கு இடம் இல்லை என்றால், அது என்ன பாடம்?

தமிழ்ப் பிள்ளை சுற்றி வந்து கும்பிடும் மரத்திலிருந்தே பாலைவனப் பாடத்தைத் தொடங்கலாம். ஆனால் அமெரிக்கக் கள்ளியின் படத்தில் தொடங்குகிறார்கள்.

தவறான சொல்

எல்லாவற்றையும்விடப் பெரிய கோணல் ஒன்று இருக்கிறது. அது ஒரு சொல்லில் இருக்கிறது.

"ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கேட்கும் பிள்ளை என்ன நினைக்கும்? ஒட்டகம் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தது; கண் இமை நீளமாக இருந்தால் மணல் விழாது என்று முடிவு செய்தது; வளர்த்துக்கொண்டது. இப்படித்தான் நினைக்கும்.

எந்த ஒட்டகமும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு தாய் வயிற்றுக் குட்டிகளிலேயே ஒன்றுக்கு மயிர் அடர்த்தியாக இருக்கும், ஒன்றுக்குக் குறைவாக இருக்கும். வெயிலில் எது தாங்கியதோ அது பிழைத்தது. அது ஈன்ற குட்டிக்கும் அந்த அடர்த்தி வந்தது. தாங்காதது செத்தது. இப்படி ஆயிரம் பதினாயிரம் தலைமுறை! 'தகவமைப்பு' என்று புத்தகம் சொல்வது, பிழைத்தவற்றின் கணக்கு. அந்தக் கணக்கில் செத்தவை எத்தனையோ!

இன்னும் வேடிக்கை கேளுங்கள். ஒட்டகத்தின் பூர்வீகம் பாலைவனமே அல்ல. அதன் முன்னோர் வட அமெரிக்காவில் தோன்றியவை. கனடாவின் வடகோடியில், பனி சூழ்ந்த எல்ஸ்மியர் தீவில், சுமார் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய ஒட்டக எலும்பு கிடைத்திருப்பதாக 2013ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். திமிலின் கொழுப்பு முதலில் நீண்ட பனிக்காலத்துக்கு உதவியிருக்கலாம், அகன்ற பாதம் பனியில் நடக்க உதவியிருக்கலாம் என்கிறார்கள். பனிக்கு வந்தது மணலுக்கும் பொருந்திவிட்டது!

இந்தப் பரிணாமக் கதை இல்லாமல் தகவமைப்பைச் சொல்லிக் கொடுப்பது, விதையைக் காட்டாமல் மரத்தைக் காட்டுவதுபோல. ஆனால் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு என்ன செய்தது? பாடச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லிப் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதைக் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவர்களுக்கு அந்தப் பாடம் உண்டு. மற்றப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

கானமயிலின் கண்

"மாற்றிக்கொண்டது" என்ற சொல்லால் வரும் கெடுதல் பரீட்சையோடு முடிவதில்லை. பிராணிகள் நினைத்தால் தங்களை மாற்றிக்கொள்ளும் என்று நம்பி வளரும் பிள்ளை, பெரியவனான பிறகும் அப்படியே நினைப்பான். "காட்டை வெட்டினால் என்ன? ரோடு போட்டால் என்ன? அவை பழகிக்கொள்ளும்" என்பான்.

பழகிக்கொள்ளுமா? கானமயிலைப் பாருங்கள்.

கானமயில் பறக்கும் பறவைகளிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று. ஆண் பறவை 15 கிலோ வரை இருக்கும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்தது. இப்போது உலகத்தில் 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. பெரும்பாலானவை தார் பாலைவனத்தில்.

மறைய மரம் இல்லாத வெட்டவெளியில் நரி எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். கானமயிலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். நேர் எதிரே பார்வை குறைவு. லட்சக்கணக்கான ஆண்டுகள் இது பெரிய பாக்கியமாக இருந்தது. வானத்தில் எதிரே முட்டிக்கொள்ள என்ன இருந்தது?

இப்போது இருக்கிறது. வெயிலும் காற்றும் நிறைந்த தாரில் சூரிய மின் நிலையங்களும் காற்றாலைகளும் வந்துவிட்டன. மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. எதிரே உள்ள கம்பி கானமயிலுக்குச் சரியாகத் தெரிவதில்லை. தெரிந்தாலும் கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடிவதில்லை. மோதிச் சாகிறது. ஒரு வருஷத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும் பறவை இது! கம்பிகள் வந்து இருபது முப்பது வருஷம்கூட ஆகவில்லை. கண்ணின் இடம் மாற எத்தனை ஆயிரம் தலைமுறை வேண்டும்?

மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பறவை பழகிக்கொள்ளும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. முடிந்த இடங்களில் கம்பிகளை மண்ணுக்கு அடியில் போடும்படி 2021ல் கோர்ட் உத்தரவிட்டது. செலவும் சிரமமும் அதிகம் என்று அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழு ஒன்றைக் கோர்ட் அமைத்தது. இதற்கிடையில் ஜெய்சால்மர் பக்கத்தில் முட்டைகளை எடுத்துவந்து பொரிக்க வைத்துக் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் ஒரு குஞ்சு பிறந்தது.

இந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "கானமயிலுக்கு என்ன செய்யலாம்?" என்று வகுப்பில் கேட்கட்டும். கம்பியில் பளிச்சென்று தெரிகிற மாதிரி தகடு தொங்கவிடலாம் என்று ஒரு பிள்ளை சொல்லும். மண்ணுக்கு அடியில் புதைத்துவிடலாம் என்று இன்னொரு பிள்ளை சொல்லும். வக்கீல்களும் என்ஜினீயர்களும் இத்தனை வருஷமாக வாதாடிக்கொண்டிருப்பது இந்த இரண்டைப் பற்றித்தான்.